பிள்ளைகளைப் பிடிக்கும் என்பது மட்டும் போதுமா?

அன்புள்ள அம்மா,

"சைக்காலஜி படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாள்?" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மகள் தெளிவாகத்தான் சொல்கிறாள்: பல்கலைக்கழக மாணவர்களுக்கு வளர்ச்சி உளவியல், அதாவது பிள்ளைப் பருவம் தொடங்கி மனமும் சிந்தனையும் எப்படி வளர்கின்றன என்ற பாடம், கற்றுக்கொடுக்க வேண்டும். மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கும் உளவியலாளர் வேலை வேறு, அதற்கான பாதையும் வேறு.

ஆனர்ஸ் பட்டத்துக்கு 4 ஆண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் மூன்றிலும் உளவியல் இருக்கிறது. அப்புறம் முனைவர் பட்டம், இன்னும் நாலைந்து ஆண்டு. ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் அடங்கிவிடும், கைச்செலவுக்கு மாதப் பணமும் வரும். அதனால் 27 வயது வரை நீங்கள்தான் படிக்க வைக்க வேண்டுமோ என்ற பயம் வேண்டாம்.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை இடங்கள் குறைவு, ஓர் இடம் காலியானால் உலகெங்கிலும் இருந்து விண்ணப்பம் வருகிறது. ஆய்வுப் பாதையில் சேர்பவரை அவர் வெளியிடும் ஆய்வுக் கட்டுரைகளை வைத்துத்தான் முக்கியமாக எடைபோடுவார்கள். கற்பித்தலையே முதன்மையாகக் கொண்ட விரிவுரையாளர் பாதையும் இங்கே உண்டு. மகளின் ஆசை இரண்டாவதில் என்றாலும், ஆய்வு செய்யத் தெரியாமல் அங்கே போக முடியாது.

ஒன்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரே மாதிரி இரண்டு கிளாஸில் சம அளவு மைலோ ஊற்றி, நான்கைந்து வயதுப் பிள்ளையிடம் எதில் அதிகம் என்று கேட்க வேண்டும்; பிறகு ஒன்றை ஒல்லியான உயரக் கிளாஸுக்கு மாற்றி, அதே கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டும். பெரும்பாலும் உயரமானதைத்தான் காட்டும். பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜே செய்த சோதனை இது. விடையைப் பாடநூலில் படித்து யாரும் ஒப்பித்துவிடலாம். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே கேள்வியைக் கேட்டதால், முதலில் சொன்னது தப்போ என்று பிள்ளை பதிலை மாற்றியதா? ஆங்கிலத்தில் கேட்காமல் தமிழில் கேட்டிருந்தால்? இப்படிக் குடைந்து குடைந்து கேட்கத் தோன்றுகிறதா என்று பாருங்கள். 19 வயது மாணவர்களையும் அப்படிக் கேட்க வைப்பதுதான் அந்த ஆசிரியரின் வேலை.

நம் ஊரிலேயே அதற்கு நல்ல களம் இருக்கிறது. பிள்ளைகளின் வளர்ச்சியைக் கருவிலிருந்தே தொடர்ந்து பார்க்க 2009இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'கஸ்டோ' (GUSTO) ஆய்வில், கர்ப்பிணிகளாக இருந்த சீன, மலாய், இந்தியத் தாய்மார்கள் 1,000 பேருக்கும் மேல் சேர்ந்தார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளை இன்னும் தொடர்ந்து கவனிக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் உண்டு என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

முதலாண்டிலேயே புள்ளியியல் பாடத்தை ஒதுக்காமல் பிடித்துக்கொள்ளட்டும். இரண்டாம் ஆண்டில் ஏதாவது ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேரட்டும். அதற்கு முன், ஜூன் விடுமுறையில் உங்கள் புளோக்கில் நாலு பிள்ளைகளிடம், பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு, மைலோ கிளாஸை நீட்டிப் பார்க்கட்டும். பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்; அவளோடு உட்கார்ந்து நானும் படிக்கிறேன்.