குளம் தூர்வாரியாச்சு, கிணத்துல தண்ணி ஏறுச்சா?

கேள்வி: பொண்ணு பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் முடிச்சிருக்காங்க. தொண்டு நிறுவனத்துல 'எம் அண்ட் இ' வேலைக்குப் போறேன்னு நிக்கறா. அது என்ன வேலைன்னே எங்களுக்குப் புரியலைங்க. பேசாம ஐ.டி.க்கே போகச் சொல்லலாமுங்களா?
(ஒரு தந்தை, கோபிசெட்டிபாளையம்)

கண்காணிப்பு (மானிட்டரிங்), மதிப்பீடு (எவால்யுவேஷன்) என்ற இரண்டு வேலைகளைச் சேர்த்துத்தான் 'எம் அண்ட் இ' என்று சொல்கிறார்கள். திட்டம் நடக்கும்போதே, சொன்னபடி நடக்கிறதா என்று பார்ப்பது கண்காணிப்பு. முடிந்தபின், அதனால் சனங்களுக்கு ஏதாவது மாறியதா என்று பார்ப்பது மதிப்பீடு. கேட்க எளிதாக இருக்கும். செய்யும்போதுதான் சிக்கல் தெரியும்.

ஒரு தொண்டு நிறுவனம் உங்கள் பக்கத்தில் ஐந்து குளங்களைத் தூர்வாருகிறது என்று வையுங்கள். வேலை ஜூனில் முடிகிறது. டிசம்பரில் கிணறுகளைப் பார்த்தால் தண்ணீர் ஏறியிருக்கிறது. 'திட்டம் வெற்றி' என்று அறிக்கை போகிறது. ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தூர்வாராமல் விட்டிருந்தாலும் ஏறத்தான் செய்திருக்கும். குளத்தால் ஏறியது எவ்வளவு, மழையால் ஏறியது எவ்வளவு?

இதைச் சொல்ல, வேலை தொடங்கும் முன்பே மே மாதத்தில் அளந்திருக்க வேண்டும். குளத்தை ஒட்டி 15 கிணறுகள், அதே மாதிரி மண்ணுள்ள, தூர்வாராத பக்கத்து ஊரில் 15 கிணறுகள். எல்லாவற்றிலும் மேட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் டேப் விட்டு, விடியற்காலையில், மோட்டார் போடும் முன் அளக்க வேண்டும். மோட்டார் ஓடிய கிணற்றில் நீர் இறங்கியிருக்கும், அந்தக் கணக்கு உதவாது. ஜனவரியில் மறுபடி அதே கிணறுகள். குளத்தோரம் 9 அடி ஏறி, பக்கத்து ஊரில் 6 அடி ஏறியிருந்தால் குளத்தின் பங்கு 3 அடி என்று கொள்ளலாம். ஒரு பக்கக் கிணறுகள் மட்டும் கீழ்பவானி வாய்க்காலோரம் இருந்துவிட்டால் இந்தக் கணக்கும் கெட்டது, வாய்க்கால் கசிவிலேயே கிணறு ஏறிவிடும். ஊரைத் தெரிந்தவருக்குத்தான் இது உறைக்கும். உங்கள் பொண்ணுக்கு இது பலம்.

அளப்பதால் திட்டம் எப்படி நன்றாக நடக்கும் என்று கேட்பீர்கள். முதல் மழையிலேயே ஐந்து குளத்தில் இரண்டு நிரம்பவில்லை என்று தெரிந்தால், காரணம் தேடிப் போகலாம். பெரும்பாலும் குளத்தில் குறை இருக்காது, நீர்வரத்து ஓடை அடைபட்டிருக்கும். ஓடையைச் சரிசெய்தால் அதே வருடம் நிரம்பும். கண்காணிக்க ஆளில்லாத இடத்தில், மீதிப் பணம் ஆறாவது குளத்தைத் தோண்டப் போய்விடும்.

ஆள் மட்டும் இருந்தாலும் போதாதுங்க. கிணற்று நீர்மட்டம் மாதிரி அளந்து பார்க்க வேண்டிய குறியீடுகள் 60 வைத்துக்கொண்டு ஒருத்தரை உட்காரவைத்தால் அவர் படிவம் நிரப்பியே சலித்துப்போவார். ஏழெட்டு போதும். திட்ட மேலாளருக்குக் கீழேயே இந்த வேலை இருந்தால், நல்ல சேதி மட்டும் மேலே போகும். இன்னொன்று, கணக்கெடுக்கப் போனவர் டீக்கடையில் உட்கார்ந்தே படிவத்தை நிரப்பிவிடுவது. 25 நிமிடம் ஆக வேண்டிய படிவம் 6 நிமிடத்தில் முடிந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். நூறு வீட்டுக்குப் பத்து வீடு வேறொருவர் திரும்பப் போய் மூன்று நான்கு கேள்விகளை மறுபடி கேட்டால் குட்டு வெளிப்படும்.

வேலைக்கு ஆள் தேவை எங்கிருந்து வருகிறது? 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றை எட்டும் நிறுவனம் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2021-லிருந்து, சராசரியாக 10 கோடியோ அதற்கு மேலோ இப்படிச் செலவிட வேண்டிய நிறுவனங்கள், 1 கோடியும் அதற்கு மேலும் போட்ட திட்டங்களை, முடிந்து ஓராண்டுக்குப் பின், வெளியார் மூலம் தாக்க மதிப்பீடு செய்தாக வேண்டும். அதற்கு ஆள் வேண்டுமே.

பொண்ணு இப்போதே எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) சேர வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஒரு வருடம் களத்தில் இருந்துவிட்டு, பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி மாதிரி இடத்தில் சேர்ந்தால் பாடம் தானாகப் புரியும். அதற்குள் எக்செல்லில் பிவட் டேபிள் (விவரங்களைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை), பிறகு புள்ளிவிவரக் கணக்குப் போடும் ஆர் அல்லது எஸ்.பி.எஸ்.எஸ்., போனிலேயே படிவம் நிரப்பும் கோபோ டூல்பாக்ஸ், இவற்றைக் கற்றுக்கொள்ளட்டும். கோபோவுக்குச் சிக்னல் தேவையில்லை, தாளவாடி, கடம்பூர் மலையில் நிரப்பி, கீழே வந்து அனுப்பலாம். எத்தனை பேரைக் கேட்டால் போதும் என்கிற மாதிரிக் கணக்கு அவருக்குத் தெரிந்திருக்கும்: 95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் பிழைக்கு 384 பேர். ஆனால் ஊர் ஊராகக் கூட்டம் கூட்டமாக எடுத்தால், ஒரே ஊர்க்காரர்கள் பதில் ஒன்றுபோல வருவதால், இரட்டிப்பாக 768 வரைக்கும் போகலாம். கல்லூரியில் இதை மேலோட்டமாகவே சொல்லியிருப்பார்கள்.

சம்பளம் ஆரம்பத்தில் ஐ.டி. அளவுக்கு இருக்காதுங்க, ஒப்பந்தம் பெரும்பாலும் திட்ட காலத்தோடு முடியும். அதனால் நேர்காணலில் பொண்ணையே கேட்கச் சொல்லுங்கள்: போன வருடக் கணக்கைப் பார்த்து எந்த வேலையை மாற்றினீர்கள்? பேஸ்லைன், அதாவது வேலை தொடங்கும் முன் எடுக்கும் அளவு, எப்போது எடுத்தீர்கள்? இந்த வேலைக்குத் தனி பட்ஜெட் உண்டா? அறிக்கையை யார் திருத்துவார்கள்? பி.எஃப். பிடிப்பீர்களா? முதல் கேள்விக்கு ஒரு உதாரணம்கூடச் சொல்லத் தெரியவில்லை என்றால், அந்த இடம் வேண்டாம்ங்க.