ஆளாளுக்கு ஒரு வைத்தியம்: வாசகர் கேள்வி பதில்

மாற்றுத்திறனாளிகள் உள்ள வீடுகளுக்குக் கேட்காமலே வந்து சேரும் யோசனைகளைப் பற்றிய கடிதங்கள் இவை. மறுவாழ்வு மருத்துவக் குழுவினர் பதில் தருகிறார்கள்.

எட்டு மாதத்துக்கு முன் என் கணவர் தென்னை மரத்திலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. பெரிய மாமனார் எண்ணெய் வாங்கி வந்து அழுத்தித் தேய்க்கச் சொல்கிறார். மாமியார் செங்கல்லைச் சூடு பண்ணி ஒத்தடம் கொடுக்கலாம் என்கிறார். "வீல் சேர்ல உட்கார்ந்து பழகிட்டா அப்புறம் எந்திரிக்கவே மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. மறுத்தால், "புருஷன் நடக்கணும்னு உனக்கு ஆசை இல்லையா?" என்கிறார்கள்.
— வாசகி, பொள்ளாச்சி

அந்தக் கடைசிக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவே வேண்டாம். உங்கள் ஆசையை யாருக்கும் நிரூபித்துக் காட்டத் தேவையில்லை.

வருகிற யோசனைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: அவர் உடம்பில் கை வைப்பவை, வைக்காதவை. நேர்ந்துகொள், ஜாதகம் பார் என்பதற்கெல்லாம் "சரிங்க, பார்க்கிறோம்" போதும். உடம்பில் கை வைக்கும் யோசனைகளை மட்டும் வாசலிலேயே நிறுத்துங்கள்.

முதலில் ஒத்தடம். உணர்ச்சியில்லாத காலில் சூடு பட்டால் அவருக்குத் தெரியாது, காலை இழுத்துக்கொள்ளவும் முடியாது. செங்கல், உப்பு மூட்டை, வெந்நீர்ப் பை எதுவானாலும் நீங்கள் துணியை எடுத்துப் பார்க்கும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும். அங்கே ரத்த ஓட்டமும் குறைவு என்பதால் அந்தப் புண் ஆற வாரக்கணக்கில் ஆகும். அது பிட்டத்தில் வந்துவிட்டால் ஆறும்வரை உட்காரவே முடியாது.

அழுத்தித் தேய்ப்பதில் வேறு ஆபத்து. எடை தாங்காத கால் எலும்பு சில மாதங்களிலேயே மெலிந்துவிடும். முட்டியை வலுக்கட்டாயமாக மடக்கினால் அதற்குச் சற்று மேலே தொடையெலும்பு முறியலாம். வலி இல்லாததால் வீக்கம், சூடு, திடீரென்று கூடும் இறுக்கம் இவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். ஒரு கால் மட்டும் வீங்கினால் அது ரத்தக்கட்டியாகவும் இருக்கலாம். அந்தக் காலைத் தேய்த்தால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"தண்ணியைக் குறைச்சா மூத்திரம் எடுக்க டியூப் போடுற வேலை மிச்சம்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். குறைக்காதீர்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீரில் கிருமி பெருகும், கல் சேரும், கடைசியில் சிறுநீரகம் கெடும். மருத்துவர் வேறு அளவு சொல்லாதவரை ஒரு நாளைக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர் வரை பிரித்துக் குடித்து, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் போட வேண்டும். ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் வந்தால் இடைவெளி அதிகம் என்று அர்த்தம்.

வீல் சேரைப் பற்றி அவர்கள் சொல்வது தலைகீழ். படுத்தே கிடப்பதுதான் கேடு. உட்கார்ந்தால் நுரையீரல் விரியும், கைகள் வலுவாகும், வேலைக்கும் போகலாம். அரை மணிக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ இரண்டு நிமிடம் பிட்டத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். காலையும் இரவும் வால் எலும்பு, உட்காரும் எலும்பு, குதிகால் மூன்றையும் கைக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரலால் அழுத்தியும் மறையாத சிவப்பு இருந்தால் அது போகும்வரை அந்த இடத்தில் பாரம் படக்கூடாது.

"எங்க ஊர்ல ஒருத்தன் இதே மாதிரி கிடந்து, எண்ணெய் தேய்ச்சு நடந்தான்" என்பார்கள். பொய்யாக இருக்காது, ஆனால் அது வேறு நோயாக இருக்கும். கிருமித் தொற்றுக்குப் பின் நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோயில் கால்கள் சில நாட்களில் செயலிழந்து, பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் திரும்பிவிடும். பக்கவாதத்திலும் ஓரளவு திரும்பும். தண்டுவடம் பகுதியாக மட்டும் அடிபட்டவர்களுக்கு முதல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் முன்னேற்றம் தெரியும். அந்த நேரத்தில் எது தேய்த்தாலும் பெயர் எண்ணெய்க்குத்தான் போகும். உங்கள் கணவருக்கு முழுமையான காயமா, பகுதிக் காயமா என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். அடுத்த பரிசோதனைக்குப் பெரிய மாமனாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். மருமகள் நூறு தடவை சொல்வதை டாக்டர் ஒரு தடவை சொன்னால் போதும். நியாயமில்லைதான், ஆனால் வீட்டில் அதுதான் நடக்கும்.

ஸ்டெம் செல் ஊசிக்குப் பல லட்சம் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதலின்படி தண்டுவடக் காயத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே கொடுக்கலாம், ஆய்வுக்கு வருபவரிடம் பணம் வாங்கக்கூடாது. கை கால் செயலிழப்பைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

அக்கறையோடு வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். மாமியாரிடம், "அத்தை, நாளெல்லாம் சக்கரம் தள்ளி அவருக்குத் தோள் வலிக்குது, அங்க தேய்ச்சு விடுங்க" என்று சொல்லுங்கள். தோளில் உணர்ச்சி இருக்கிறது, வலித்தால் அவரே சொல்வார். பெரிய மாமனாரிடம் சாய்தளம் கட்டும் பொறுப்பைக் கொடுங்கள். கணக்கு 1-க்கு 12: படி ஆறு அங்குல உயரம் என்றால் சாய்தளம் ஆறு அடி நீளம், இரண்டு படி என்றால் பன்னிரண்டு அடி. அகலம் மூன்றரை அடியாவது வேண்டும். ஓரங்களில் இரண்டு அங்குலத் திட்டு, மேற்பரப்பில் சொரசொரப்பான சிமெண்ட். வழவழப்பான டைல்ஸ் ஒட்டினால் மழைநாளில் வழுக்கும்.

மகளுக்கு 23 வயது. பதினாறாம் வயதில் ஃபிட்ஸ் வந்தது. மாத்திரை எடுப்பதால் ஒன்றரை வருடமாக வரவில்லை. வரன் பார்க்கிறோம். "மாத்திரையை நிறுத்திடுங்க, சொல்லாமலே முடிச்சிடலாம்" என்கிறார் நாத்தனார். எப்போதும் பையில் இரும்புச் சாவி இருக்கட்டும் என்கிறான் என் தம்பி.
— வாசகி, மதுரை

மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது. திடீரென்று விட்டால், இதுவரை வந்ததைவிடப் பலமாக, விடாமல் தொடரும் வலிப்பு வரலாம். அது உயிருக்கே ஆபத்து. குறைந்தது இரண்டு வருடம் வலிப்பே வராமல் இருந்த பிறகுதான் குறைப்பதைப் பற்றி மருத்துவர்கள் யோசிப்பார்கள், அதுவும் மாதக்கணக்கில் படிப்படியாக. சிலவகை வலிப்புக்கு நீண்ட காலம் தேவைப்படும். கல்யாண வீட்டில் தூக்கம் கெடும், சாப்பாடு தள்ளிப்போகும், மாத்திரை மறந்துபோகும். மூன்றுமே வலிப்பைத் தூண்டுபவை. முகூர்த்தத்துக்கு முந்தின இரவு மகளைத் தூங்க விடுவதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

பேச்சு தொடங்கும்போதே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அவள் சாப்பிடுவது வால்ப்ரோயேட் என்றால் கருவைப் பாதிக்கக்கூடியது, அவர் வேறு மாத்திரைக்கு மாற்றலாம். ஃபோலிக் அமில மாத்திரையை எப்போது தொடங்குவது என்றும் கேளுங்கள், கருத்தரிக்கும் முன்பே அது தேவை.

மறைத்துக் கட்டிக்கொடுத்தால் புகுந்த வீட்டில் மாத்திரையையும் மறைக்க வேண்டிவரும். ஒளித்துச் சாப்பிடுபவர்களுக்கு வேளை தவறும், வலிப்பு திரும்பும். இந்துத் திருமணச் சட்டத்தில் ஒருகாலத்தில் வலிப்பு நோய் தடையாக இருந்தது, 1999-ல் அதை நீக்கிவிட்டார்கள். நிச்சயத்துக்கு முன் மாப்பிள்ளையிடம் மகளே சொல்லட்டும்: "எனக்கு வலிப்பு இருக்கு. மாத்திரையில கட்டுப்பாட்டுல இருக்கு. டாக்டரைப் பார்க்கணும்னா என்கூட வாங்க."

பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்துக் கையில் திணிப்பதற்கும் அதே நேரம்தான் ஆகும், அதனால் சாவி நிறுத்தியதாகத் தோன்றுகிறது. தம்பி செய்ய வேண்டியது வேறு. தலைக்கு அடியில் துணி வைத்து, கழுத்து இறுக்கத்தைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக்கூடாது, தண்ணீர் ஊற்றக்கூடாது. மணி பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும்.

வயது 54. சிறுவயதில் போலியோ, காலிப்பர் என்ற கால் தாங்கி போட்டு நடக்கிறேன். இரண்டு வருடமாகக் கால் சீக்கிரம் சோர்கிறது. "உட்கார்ந்த வேலை, அதான். தினம் பத்தாயிரம் அடி நடங்க சார்" என்கிறார்கள் அலுவலகத்தில். நடந்தால் இன்னும் மோசமாகிறது.
— வாசகர், திருச்சி

நடப்பதைக் குறையுங்கள். போலியோ வந்து பல பத்தாண்டுகள் கழித்துப் புதிதாகப் பலவீனமும் சோர்வும் வருவதற்கு, போலியோவுக்குப் பிந்தைய நோய் என்று பெயர். அன்று தப்பிய நரம்பணுக்கள் இறந்தவற்றின் வேலையையும் சேர்த்து இத்தனை வருடம் செய்து களைத்துவிடுகின்றன என்பதே இன்றுவரை ஏற்கப்படும் விளக்கம். அவற்றை இன்னும் விரட்டினால் பலம் கூடாது, இருப்பதும் குறையும். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் வைரஸால் வந்த கடைசி போலியோ 2011 ஜனவரியில் பதிவானது. இளம் மருத்துவர்கள் பலர் இதைப் பாடத்தில் மட்டுமே படித்தவர்கள். அதனால் போலியோ வந்த வயதையும், இப்போது மாறியிருப்பது என்ன என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்த பிறகே இதுதான் என்று முடிவு செய்வார்கள்.

அளவுகோல் இதுதான்: இன்று செய்த வேலையின் சோர்வு நாளை காலையும் மிச்சமிருந்தால் அது அதிகம். களைக்கும் முன்பே உட்காருங்கள். ஊன்றுகோலைப் பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள், கைப்பிடி மணிக்கட்டு ரேகை உயரத்தில் இருக்கட்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். அலுவலகத்தில் ஒரே வாக்கியம்: "என் நரம்புக்கு நடை ஒத்துவராதுன்னு டாக்டர் சொல்லிட்டார்." மறுபடி கேட்டால் அதே வாக்கியத்தைச் சொல்லுங்கள். புதிதாக ஒரு காரணம் சொன்னால் அதற்கும் அவர்களிடம் ஒரு யோசனை இருக்கும்.

எங்கள் தெருவில் பார்வையற்ற தம்பதி குடிவந்திருக்கிறார்கள். உதவ ஆசை, ஏதாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயம்.
— வாசகர், சேலம்

கண் ஆஸ்பத்திரிப் பெயரோடு போகாதீர்கள், அதையெல்லாம் அவர்கள் எப்போதோ பார்த்திருப்பார்கள். உங்கள் பெயரைச் சொல்லி, "கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேண்டும் என்றால் கையையோ கோலையோ பிடித்து இழுக்காமல் உங்கள் முழங்கையைக் கொடுத்து அரை அடி முன்னால் நடங்கள். படி வந்தால் நின்று, ஏறுவதா இறங்குவதா என்று சொல்லுங்கள். தெருவில் பள்ளம் தோண்டினாலோ, வழக்கமான பாதையில் யாராவது பைக் நிறுத்தினாலோ அன்றே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.