அந்த வாக்கியம் காத்திருக்கட்டும்

கேள்வி: பத்து வருஷமாக டைரி எழுதுகிறேன், கதைகளும் எழுதுவதுண்டு. போன வாரம் என் மனைவி ஏதோ ஒரு விஷயத்தைச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். அவள் மூக்கு நுனியில் நின்ற கண்ணீர்ச் சொட்டை எப்படி எழுதலாம் என்று என் மனசு வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தது. அவள் கண்டுபிடித்துவிட்டாள். "இப்பவே எழுத ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றாள். எழுதுவதையே விட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: விட வேண்டாம் தம்பி. ஆனால் உங்கள் மனைவி கேட்டதில் நியாயம் இருக்கிறது.

என் அப்பா கடைசி நாலு மாசம் படுத்த படுக்கையாக இருந்தார். நான் நோட்டும் கையுமாகப் பக்கத்திலேயே இருப்பேன். அவர் மூச்சு வாங்கும் விதம், தூக்கத்தில் கூப்பிடும் பெயர்கள், எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு மத்தியானம் தண்ணீர் கேட்டார். "ஒரு நிமிஷம்ப்பா" என்றேன். வாக்கியத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தால், அவரே டம்ளரை எட்டி எடுக்கப் பார்த்து, தண்ணீர் முழுக்க மேலே கொட்டியிருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. நனைந்த சட்டை நெஞ்சில் ஒட்டாமல் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி படுத்திருந்தார். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்று நான் முடித்த வாக்கியம் அவருடைய பொறுமையைப் பற்றியது.

அன்றைக்கு மூடிய நோட்டை அவர் போகும்வரை திறக்கவில்லை. அவருக்கு நகம் வெட்டிவிடுவேன். உடம்பில் சதையே இல்லை, ஆனால் குதிகால் மட்டும் என் உள்ளங்கையில் அப்படிக் கனக்கும். விரலுக்கு விரல் கத்தரி மாறும்போது, வலிக்காதபோதும் பாதத்தை லேசாக உள்ளே இழுத்துக்கொள்வார். மூன்று வருஷம் கழித்து அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். நோட்டிலிருந்து எடுத்தது கொஞ்சம்தான். எழுத்து அந்தக் குதிகாலிலிருந்துதான் வந்தது.

அதனால், உற்றுப் பார்த்ததற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். அந்தச் சொட்டைப் பார்த்ததுகூட ஒரு பிரியம்தான். அதற்கு வார்த்தை தேட ஆரம்பித்தீர்களே, அங்கேதான் உங்கள் மனைவியைத் தனியே விட்டுவிட்டீர்கள்.

லண்டனில் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பீப்ஸ், 1660-லிருந்து 1669 வரை சுருக்கெழுத்தில் டைரி எழுதினார். படித்தால் எல்லாமே சுடச்சுட எழுதியது போல இருக்கும். உண்மையில் பல நாள் கதையைத் துண்டுக் குறிப்புகளிலிருந்து சேர்த்து எழுதுவதும் அவர் வழக்கம். 1666-ல் ஊர் தீப்பிடித்தபோது, வீடுகளை இடித்தால்தான் நெருப்பு நிற்கும் என்று அரசரிடம் ஓடிப்போய்ச் சொன்னவர் அவர். முதலில் ஓடினார், அப்புறம்தான் எழுதினார். கண்பார்வை போய்விடுமோ என்ற பயத்தில் டைரியை நிறுத்தியவர், பார்வையோடு இன்னும் 34 வருஷம் வாழ்ந்தார். அந்த வருஷங்களும் அவருடையவைதான், இல்லையா?

நான் இப்போது வைத்திருக்கும் பழக்கம் ஒன்றே ஒன்றுதான். எதிரில் ஒருவர் இருக்கும்போது வாக்கியம் வந்தால் அதைப் போகவிடுகிறேன். பல சமயம் திரும்பி வரும். வராதபோது வருத்தமாகத்தான் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்கிறேன். இன்னொன்று, உங்கள் மனைவியின் அழுகையை எழுதலாமா கூடாதா என்பதில் அவருக்கும் ஒரு சொல் உண்டு. கேட்டுவிட்டு எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். சொட்டு எங்கே நின்றது என்று இருக்கிறது. அவர் எதற்காக அழுதார் என்று இல்லை, "ஏதோ ஒரு விஷயம்" என்று போய்விட்டீர்கள். அது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? இல்லையென்றால் இன்று ராத்திரியே போய்க் கேளுங்கள். நோட்டு வேறு அறையில் இருக்கட்டும்.