நாற்பது மாட்டுக்கு இவ்வளவுதானா?

வணக்கம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உங்கள் நண்பர் நாற்பது தாய்ப்பசுக்களுக்கு அரசின் கொரோனா நிவாரணமாகச் சொற்பத் தொகைதான் வாங்கினார், பக்கத்துப் பண்ணைக்கு மட்டும் லட்சக்கணக்கில் டாலர் போயிருக்கிறது, இது மோசடியா என்று கேட்டிருந்தீர்கள். அந்தத் தொகையை வைத்து மட்டும் அப்படிச் சொல்ல முடியாது.

விவசாயிகளுக்கான 2020 கொரோனா நிவாரணத்தின் முதல் சுற்றில், பண்ணையில் வைத்திருந்த இறைச்சி மாட்டுக்குத் தலைக்கு 33 டாலர். நாற்பதுக்கு 1,320. இரண்டாம் சுற்றில் தலைக்கு 55 டாலர், ஆனால் இனவிருத்திக்கு வைத்திருந்த மாடுகள் கணக்கில் வரவில்லை. நண்பர் அடிபட்டது இங்கேதான். கன்றுகளுக்கு மட்டும் கிடைத்திருக்கும்.

பக்கத்துப் பண்ணை ஏதாவது நிறுவனமாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். தனிநபருக்கு ஒரு சுற்றுக்கு உச்சவரம்பு 2,50,000 டாலராக இருந்தது. நிறுவனத்தில் மூன்று பங்குதாரர்கள் தலா 400 மணி நேரமாவது உழைத்ததாகவோ நிர்வகித்ததாகவோ காட்டியிருந்தால் 7,50,000 வரை போயிருக்கலாம். நியாயமா என்றால், எனக்கும் கசப்புதான். ஆனால் விதி அப்படி இருந்தது.

அப்புறம், யாருக்கு எவ்வளவு போனது என்று காட்டும் மாவட்டவாரிப் பட்டியலை நம்பிக் கூட்டிப் பார்க்காதீர்கள். அதில் இருப்பது பணம் வாங்கியவரின் அஞ்சல் முகவரி. நிலம் வேறு மாவட்டத்தில் இருக்கலாம்.

நண்பர் இந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் காட்டினாரா? கேட்டுவிடுங்கள், இதற்கும் வரி உண்டு.