உயிரியல் படிப்பவருக்குக் கணிமைச் சிக்கல்தன்மைக் கோட்பாடு எதற்கு?

உயிர்த் தகவலியல் முதுகலை மாணவர் ஒருவர், விருப்பப் பாடமாகக் கணிமைச் சிக்கல்தன்மைக் கோட்பாட்டை (எந்தக் கணக்கைக் கணினியால் விரைவாகத் தீர்க்க முடியும், எதை முடியாது என்று ஆராயும் துறை) எடுக்கலாமா, இல்லை அது கணினியியலாளர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் விஷயம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுங்கள். "எல்லாவற்றையும் என்.பி. கடினம் என்று சொல்லிக் கையை விரித்துவிடுவார்கள், அதனால் பயனில்லை" என்று மூத்த மாணவர் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார் என ஊகிக்கிறேன். என்.பி. கடினம் என்றால், எல்லா உள்ளீடுகளுக்கும் விரைவாகத் தீர்க்கும் வழி இருக்காது என்று நம்பப்படும் கணக்கு. அப்படிக் கையை விரித்து அவமானப்பட்டவன் நான் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கல்வி நிறுவனத்தில் கூட்ட அறைகளை ஒதுக்கும் மென்பொருள் எழுதும் பணி எனக்கு வந்தது. ஒவ்வொரு முன்பதிவுக்கும் தொடக்க நேரம், முடிவு நேரம் உண்டு. நேரம் மோதாமல், ஆகக் குறைந்த அறைகளில் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். முன்பதிவுகளை முனைகளாகவும் நேர மோதல்களை விளிம்புகளாகவும் வரைந்து பார்த்தேன்; அறைகள் நிறங்களாயின. கோட்டுரு நிறந்தீட்டல், அதாவது விளிம்பு எனும் கோட்டால் இணைந்த முனைகளுக்கு வெவ்வேறு நிறம் தந்து, ஆகக் குறைந்த நிறங்களில் முடிக்கும் கணக்கு! கணினியியலாளர் ரிச்சர்ட் கார்ப் 1972இல் வெளியிட்ட 21 என்.பி. முழுமைக் கணக்குகளில் (என்.பி. வகைக்குள்ளேயே மிகக் கடினமானவை) அதுவும் ஒன்று. உடனே நான்கு பக்க அறிக்கை எழுதி, மிகக் குறைந்த எண்ணிக்கைக்கு யாராலும் உறுதி தர முடியாது, தோராய விடைக்கே ஆறு மாதம் வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னேன்.

அதுவரை கையால் அறை ஒதுக்கிவந்த எழுத்தர் அம்மையாரும் அங்கே இருந்தார். அவர் தம் குறிப்பேட்டைத் திறந்து காட்டி, "சார், நான் தொடங்கும் நேரப்படி வரிசையாக எழுதிக்கொள்வேன். காலியாக இருக்கிற அறையைக் கொடுப்பேன். எல்லாம் நிரம்பியிருந்தால் மட்டும் புது அறை திறப்பேன்," என்றார். அதுதான் மிகச் சிறந்த விடை. ஒன்பதாவது அறையை அவர் திறக்கும் நொடியில் மற்ற எட்டு அறைகளிலும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரே நேரத்தில் ஒன்பது கூட்டங்கள் நடக்கும்போது ஒன்பதுக்குக் குறைந்த அறைகளால் எந்த மேதையும் சமாளிக்க முடியாது. நிரூபணம் அவ்வளவுதான்.

நான் செய்தது ஆரம்பப் பாடத்துப் பிழை. என் கணக்கை நிறந்தீட்டலாக மாற்றிக் காட்டியதால் எதுவும் நிறுவப்படவில்லை. எந்த எளிய கணக்கையும் கடினமான ஒன்றாக மாற்றி எழுதலாம். நிறந்தீட்டலை என் கணக்காக மாற்ற முடிந்திருந்தால்தான் என் கணக்கு கடினமாகியிருக்கும், அது முடியாது; ஏனெனில் நேர இடைவெளிகளிலிருந்து பிறக்கும் கோட்டுருக்கள் தனி வகை. "கோட்பாட்டைப் படித்ததால்தானே இந்தக் கதி?" என்று கேட்பவர்களுக்கு: அரைகுறையாகப் படித்ததால். எங்களுக்கு இப்பாடம் பருவத்தின் கடைசி இரண்டு வாரங்களில் ஓட்டப்பட்டது. தேர்வுக்கு ஒரே ஒரு நிரூபணத்தை மனப்பாடம் செய்தோம். வகுப்புக் குறிப்பில் என்.பி. என்பதற்குப் 'பல்லுறுப்புக்கோவை அல்லாதது', அதாவது விரைவாகத் தீர்க்க முடியாதது, என்றே விரிவு எழுதியிருந்தது. உண்மையில், ஒரு விடையை நீட்டினால் அது சரியா என்று விரைவாகச் சரிபார்க்க முடிகிற கணக்குகளே என்.பி.; எளிய கணக்குகளும் அதற்குள் அடக்கம். இந்தத் தவற்றை இன்றும் புதிய குறிப்புகளில் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது.

உங்கள் துறைக்கு வருகிறேன். ஆயிரம் எழுத்துள்ள இரண்டு டி.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்டு அடுக்க, நீடில்மன், வுன்ஷ் இருவரும் 1970இல் தொடங்கிவைத்த அட்டவணை முறையில் ஏறத்தாழ பத்து லட்சம் கட்டங்களை நிரப்பினால் போதும், கணினிக்கு அது நொடி வேலை. பத்து வரிசைகளை ஒருசேர அதே முறையில் அடுக்கப் புகுந்தால் கட்டங்களின் எண்ணிக்கை 1க்குப் பின் 30 சுழியங்களாகிறது. அது அட்டவணை முறையின் குறை மட்டுமன்று. பல வரிசைகளை மிகச் சிறப்பாக அடுக்குவது என்.பி. கடினம் என்று வாங், ஜியாங் இருவரும் 1994இல் நிறுவினர். இரண்டு வரிசைகளுக்கே கூட, திருத்தத் தொலைவை (ஒன்றை மற்றொன்றாக்கத் தேவைப்படும் ஆகக் குறைந்த எழுத்துத் திருத்தங்களின் எண்ணிக்கையை) நீளத்தின் வர்க்கத்தைவிடக் கணிசமாக வேகமாகக் கணிக்க முடிந்தால், கோட்பாட்டாளர்கள் நெடுநாளாக நம்பிவரும் ஓர் அனுமானம் உடைந்துபோகும் என்று பாக்குர்ஸ், இண்டிக் 2015இல் காட்டினர். நீங்கள் அன்றாடம் இயக்கும் மென்பொருள்கள் ஏன் குறுக்கு வழிகளை நாடுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

எளிதையும் கடினத்தையும் பிரிக்கும் இதே கோடு வேறு துறைகளிலும் ஓடுகிறது. சிறுநீரகப் பரிமாற்றத்தில், தமக்குள் பொருந்தாத நோயாளி-கொடையாளர் இணைகளை இரண்டிரண்டாக மட்டும் மாற்றிக்கொள்ளச் செய்தால், ஜாக் எட்மண்ட்ஸ் 1965இல் தந்த இணைப்பு முறை அதிகபட்ச எண்ணிக்கையைக் கண்டுபிடித்துவிடும். மூன்று இணைகள் சுற்றிவர மாற்றிக்கொள்ளவும் அனுமதித்தால் கணக்கு என்.பி. கடினமாகிறது. சுற்றின் நீளத்துக்கு வரம்பே வைக்காவிட்டால், விந்தையாக, மறுபடியும் எளிதாகிவிடுகிறது. ஆனால் நாற்பது அறுவைச் சிகிச்சைகளை ஒரே சமயத்தில் எந்த மருத்துவமனை செய்யும்? இயற்பியலில், தாறுமாறான காந்த இணைப்புகள் கொண்ட சுழற்கண்ணாடியின் மிகக் குறைந்த ஆற்றல் நிலையைக் காண்பது, வெளிப்புலம் இல்லாத சமதளத்தில் எளிது, முப்பரிமாணத்தில் கடினம். இதைப் பராஹோனா 1982இல் நிறுவினார்.

வல்லுநர்கள் சண்டைக்கு வருமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பி-யும் (விரைவாகத் தீர்க்க முடிகிற கணக்குகள்) என்.பி.-யும் வேறு என்று இதுவரை எவரும் நிறுவவில்லை. 'கடினம்' என்று நான் எழுதியதெல்லாம் அவை வேறு என்ற நம்பிக்கையின் மேல் நிற்பவை. கடினம் என்பதும் மிக மோசமான உள்ளீட்டைப் பற்றிய பேச்சு. எல்லாப் புள்ளிகளுக்கும் ஒருமுறை சென்று திரும்பும் மிகக் குறுகிய சுற்றைத் தேடும் பயண விற்பனையாளர் கணக்கும் என்.பி. கடினம்தான்; ஆனாலும் அதில் 85,900 புள்ளிகள் கொண்ட ஒன்றுக்குத் துல்லியமான விடையை 2006இல் கண்டுவிட்டார்கள்.

பாடத்தின் தொடக்கத்தில் டூரிங் இயந்திரங்கள் (கணினியின் எளிய கணித மாதிரிகள்) அலுப்பூட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கணக்கை இன்னொன்றாக மாற்றும் பகுதி வந்ததும், ஒவ்வொரு நிரூபணத்திலும் எதை எதுவாக மாற்றுகிறார்கள் என்று அம்புக்குறி போட்டு எழுதிவையுங்கள். நான் அந்த அம்பைத்தான் தலைகீழாகப் போட்டேன்.