பாக்டீரியாவில் மரபணுவைப் படியெடுப்பது எங்கே நிற்க வேண்டும் என்பதை எது முடிவு செய்கிறது?

மரபணுவின் செய்தியை டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏவாக நகலெடுக்கும் படியெடுத்தலின் தொடக்கத்துக்குப் பல பக்கங்களை ஒதுக்கும் பாடநூல்கள் அதன் முடிவைச் சில வரிகளில் கடந்துவிடுவதால், மரபணுவின் கடைசியை எட்டியதும், நகலெடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் தானாக விலகிவிடும் என்ற எண்ணமே பலருக்கு நிலைத்துவிடுகிறது. நுண்ணுயிரியல் மாணவர்களுக்கு இப்பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: மரபணு தொடங்குவதற்கு முன்பே படியெடுத்தலை நிறுத்திவிடவும் பாக்டீரியாவுக்குத் தெரியும், நிறுத்துவதா தொடர்வதா என்பது செல்லின் அந்த நேரத்துத் தேவையைப் பொறுத்தது.

நிறுத்தும் வழிகள் இரண்டு. முதலாவதில், புதிதாக உருவான ஆர்என்ஏவில், அதன் அலகுகளைக் குறிக்கும் எழுத்துகளில் ஜி, சி மிகுந்த பகுதி தன்மேலேயே மடிந்து கொண்டை ஊசி வடிவம் பெறுகிறது. அதை அடுத்து யு எழுத்துகள் வரிசையாக வருவதால் டிஎன்ஏவுடனான பிடிப்பு தளர்ந்து, ஆர்என்ஏ கழன்றுவிடுகிறது. இரண்டாவதில், 1969இல் ஜெஃப்ரி ராபர்ட்ஸ் கண்டறிந்த ரோ என்னும் ஆறு அலகுப் புரதம், புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் மூடாத வெற்று ஆர்என்ஏவைப் பற்றி, ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறைச் செலவிட்டுப் பாலிமரேஸை நிறுத்துகிறது.

முதல் வழியை ஈ. கோலை பாக்டீரியா எவ்வளவு நுட்பமாகக் கையாள்கிறது என்பதை, டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் மரபணுக்களின் தொகுதியான டிரிப்டோபான் ஓபரான் காட்டுகிறது. ஸ்டான்ஃபோர்டில் சார்லஸ் யனோஃப்ஸ்கியின் குழு, ஓபரானை அடக்கிவைக்கும் ஒடுக்கிப் புரதமே இல்லாத பாக்டீரியாவிலும், முதல் மரபணுவுக்கு முன்னுள்ள பகுதியில் ஒரு துண்டை நீக்கினால் ஓபரானின் செயல்பாடு கூடுவதை 1970களில் கண்டது. அப்படியானால் ஒடுக்கியைச் சாராத இன்னொரு தடை அங்கே இருக்க வேண்டும். அந்த முன்பகுதி 14 அமினோ அமிலங்களே கொண்ட சிறு பெப்டைடுக்கான செய்தியைத் தாங்கியிருக்கிறது. அதில் டிரிப்டோபானைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியீடுகள், அதாவது கோடான்கள், இரண்டு அடுத்தடுத்து நிற்கின்றன. புரதங்களில் மிக அரிதாகவே இடம்பெறும் அமினோ அமிலம் இத்தனை சிறிய பெப்டைடில் இருமுறை வருவது தற்செயல் அல்ல என்பதைத்தான் மாணவர்களிடம் நான் முதலில் அழுத்திச் சொல்வேன்.

இம்முன்பகுதியிலிருந்து உருவாகும் ஆர்என்ஏவில் நான்கு துண்டுகள் உள்ளன. இரண்டும் மூன்றும் இணையலாம், அல்லது மூன்றும் நான்கும் இணையலாம். பாக்டீரியாவில் உட்கரு இல்லாததால், பாலிமரேஸ் முன்னே செல்லச் செல்ல ரைபோசோம் பின்னாலேயே படித்துக்கொண்டு வருகிறது. டிரிப்டோபான் போதிய அளவு இருந்தால் ரைபோசோம் அவ்விரு கோடான்களையும் தடையின்றிக் கடந்து இரண்டாம் துண்டை மறைத்துக்கொள்ள, மூன்றும் நான்கும் சேர்ந்து நிறுத்தும் கொண்டை ஊசியாகின்றன. பற்றாக்குறை ஏற்பட்டால் ரைபோசோம் அக்கோடான்களிலேயே தயங்கி நிற்கிறது. அப்போது இரண்டும் மூன்றும் இணைந்துவிடுவதால், நான்காம் துண்டுக்கு இணை கிடைக்காமல், நிறுத்தும் கொண்டை ஊசி உருவாகாமல் போக, பாலிமரேஸ் மரபணுக்களுக்குள் நுழைகிறது. ஒரு செல், தன்னிடம் ஒரு பொருள் குறைவதை, அப்பொருளைக் கொண்டு செய்ய வேண்டிய வேலை தடைப்படுவதிலிருந்தே அறிகிறது என்பது இன்றும் என்னை வியப்பில் ஆழ்த்துகிறது.

பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் இன்னொரு பாக்டீரியா இதே முடிவுக்கு வேறு வழியில் வருகிறது. டிராப் என்னும் 11 அலகு வளையப் புரதம் டிரிப்டோபானைப் பிணைத்துக்கொண்டு, முன்பகுதி ஆர்என்ஏவைத் தன்னைச் சுற்றிலும் சுற்றவைத்து, நிறுத்தும் கொண்டை ஊசி உருவாக வழிவிடுகிறது. அமினோ அமிலங்களை ரைபோசோமுக்குக் கொண்டுவரும் கடத்து ஆர்என்ஏக்களில் டிரிப்டோபான் ஏறாதவை மிகும்போது எதிர் டிராப் என்னும் புரதம் உற்பத்தியாகி, டிராப்பின் பிடியைத் தடுக்கிறது. படியெடுத்தல் மீண்டும் தொடர்கிறது.