ஓ.டி.ல சிரிக்கிறவர் வீட்ல ஏன் பேசறதில்ல?

வணக்கம் சார். என் வீட்டுக்காரர் கிருஷ்ணகிரி பக்கம் அரசு ஆஸ்பத்திரில சர்ஜன். அவர் இருந்தா ஓ.டி.ல, அதான் ஆபரேஷன் தியேட்டர்ல, ஒரே சிரிப்புதான்னு அங்க வேல பாக்கற சிஸ்டர் ஒருத்தங்க கல்யாண வீட்ல சொன்னாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. வீட்ல அவர் சேந்தாப்ல நாலு வார்த்தை பேசி நாளாச்சு. ஆபரேஷன் நடக்கற எடத்துல சிரிப்பு வருமா? எங்களுக்கு மட்டும் ஏன் அது மிச்சம் வர்றதில்ல?
எம்., ஊத்தங்கரை

அன்புள்ள எம்.,

அந்த சிஸ்டர் சொன்னது நல்ல விஷயம்மா, மனசுல வெச்சுக்கிட்டு வருத்தப்படாதீங்க. நானும் தர்மபுரில சர்ஜனா இருந்தவன், அந்த சிரிப்புல பாதி வேலைதான். ஹெர்னியா, அதாவது குடலிறக்க ஆபரேஷனுக்கு முதுகுல ஊசி போட்டா இடுப்புக்குக் கீழதான் மரத்துப்போகும், ஆள் முழிச்சுக்கிட்டேதான் இருப்பார், மொகத்துக்கு முன்னாடி பச்சைத் துணி கட்டியிருந்தாலும் கத்தரிக்கோல் வைக்கற சத்தம்கூட கேக்கும். போச்சம்பள்ளி மாந்தோப்புக்காரர் ஒருத்தர் படுத்திருக்கார்னு வைங்க, கை நடுங்குது, மானிட்டர்ல பல்ஸ் 120. "ஏங்க, பெங்களூரா மாங்காய இந்த வருஷம் ஜூஸ் ஃபேக்டரிக்காரன் என்ன வெலைக்கு எடுத்தான்"னு கேட்டா போதும், அவன திட்ட ஆரம்பிப்பார், நாங்க சிரிப்போம், அவரும் சிரிச்சுடுவார், கொஞ்ச நேரத்துல பல்ஸ் எறங்கும். ஆனா நோயாளியோட உடம்பையோ இல்லாமையையோ வெச்சு சிரிக்கறது எனக்கு சுத்தமா ஆகாது, அவர் முழு மயக்கத்துல இருந்தாலும் சரி.

சிரிக்கக்கூடாத நேரமும் உண்டு. கத்தி வைக்கறதுக்கு முன்னாடி பேரு, எந்தப் பக்கம், என்ன ஆபரேஷன்னு எல்லாரும் நின்னு சரிபாக்கணும், உலக சுகாதார நிறுவனம் 2008ல கொண்டுவந்த செக்லிஸ்ட் அது. தையல் போடறதுக்கு முன்னாடி சிஸ்டர் மாப், அதான் ரத்தம் ஒத்தி எடுக்கற துணி, எண்ணுவாங்க, அப்பவும் ஒருத்தரும் வாய தெறக்கக்கூடாது.

இப்ப வீட்டுக்கு வர்றேன். ஆக்சிடென்ட் கேஸ் வர்ற எடம் எங்களுக்கு தொப்பூர் கணவாய், உங்க வீட்டுக்காரருக்கு சூளகிரி பைபாஸ். ராத்திரி லாரி மோதி கொண்டுவந்த ஆள காப்பாத்த முடியலன்னா வெளிய நிக்கிற சம்சாரத்துகிட்ட போய் நாமதான் சொல்லணும், சொல்லிட்டு வந்து அடுத்த கேஸுக்குக் கை கழுவணும், காலைல ஓ.பி.ல உக்காரணும், இதுல எங்க அழறது, எப்ப அழறது. அதெல்லாம் அப்படியே வீட்டுக்கு வருது, பேச்சு வர்றதில்ல. அதுக்காக நீங்க பொறுத்துப் போகணும்னு நான் சொல்லவே மாட்டேன். மேல்படிப்பு படிச்சுக்கிட்டே ஆஸ்பத்திரில வேல பாக்கற ரெசிடென்ட் டாக்டர்களுக்கு தொடர்ச்சியா 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் டியூட்டின்னு மத்திய அரசு 1992லயே சொல்லியாச்சு, ஆனா அது வெறும் பேப்பர்லதான் இருக்கு. தூங்காம நிக்கறதுதான் பெருமைன்னு படிக்கறப்பவே பழக்கிவிட்டா அது எந்த வயசுல போகும்?

நைட் டியூட்டி முடிஞ்ச அன்னிக்கு சாயந்தர கிளினிக் வேண்டாம்னு கண்டிப்பா சொல்லுங்க, வருமானம் கொறஞ்சா கொறையட்டும். வந்த உடனே எதுவும் கேக்காதீங்க, குளிச்சு சாப்ட்டு தூங்கட்டும். லீவு நாள்ல பசங்களோட கே.ஆர்.பி. டேமுக்குப் போங்க, மீன் வறுவல் சாப்பிடுங்க, அவர் போன் வீட்லயே இருக்கட்டும். தூக்கம் இல்லாம, எதுலயும் மனசு ஒட்டாம 2 வாரத்துக்கு மேல போனா மனநல டாக்டர பாக்கணும். டாக்டருங்களுக்குத்தான் அங்க போக ரொம்ப வெக்கம், தெரிஞ்சவங்க பாத்துடுவாங்கன்னு தயங்கினா பெங்களூரு போயிட்டு வாங்க, கிட்டதானே.

இந்தப் பதில அவர்கிட்டயும் காட்டுங்கம்மா. அவர் எழுதினாலும் பதில் போடறேன்.